ஐரிஷ் முன்னோர்களைத் தேடுவது எப்படி? ஊர்ப்பெயரில் தொடங்குங்கள்

அயர்லாந்தில் வேர் உள்ள ஒருவர் தன் முன்னோர்களைத் தேடப்போவதாகச் சொன்னால், "அங்கேதான் எல்லா ரெக்கார்டும் எரிந்துபோச்சே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதில் பாதி உண்மை. எரியாத மீதியை வைத்துக்கொண்டுதான் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று பரவிப்போன ஐரிஷ் வம்சாவளியினர் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் வீடு இருந்த நிலம்வரை போய்ச் சேருகிறார்கள். நம் ஊரிலும் இந்தத் தேடலுக்குக் காரணம் உள்ளவர்கள் உண்டு. பரங்கிமலை, பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பக்கம் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றின் கொடிவழியில் ஓர் ஐரிஷ் சிப்பாய் இருப்பார். அவர்களுக்கும், ஆவணங்களை வைத்துக் குடும்ப வரலாற்றை எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் தீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1922இல் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. பிரிட்டனுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் எனப்படும் நீதிமன்ற வளாகத்தைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள். அதே வளாகத்தில்தான் பொது ஆவணக் காப்பகமும் இருந்தது. புதிய அரசின் படை பீரங்கியால் சுட்டது. ஜூன் 30 அன்று பெரிய வெடிப்பு நடந்து, காப்பகம் தீப்பற்றியது. ஏழு நூற்றாண்டு ஆவணங்கள் அதில் போயின. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு சென்சஸ்களும், சில கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) துண்டு துணுக்குகள் தவிர, சாம்பலாயின. உயில்களும், அயர்லாந்து திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் பங்குகள், அதாவது ஒவ்வொரு சர்ச்சுக்கும் உட்பட்ட பகுதிகள், வைத்திருந்த பதிவேடுகளில் பாதிக்கு மேலும் அழிந்தன.

ஆனால் 1861, 1871 சென்சஸ்களுக்கும் இந்தத் தீக்கும் சம்பந்தமே இல்லை. மொத்த எண்ணிக்கையைக் கூட்டி எடுத்ததும் அரசே அந்தப் படிவங்களை அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. போரில் எரிந்ததை விதி என்று விட்டுவிடலாம். மேசையில் உட்கார்ந்து யோசித்து அழித்ததைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

சரி, மிஞ்சியது என்ன? 1901, 1911 சென்சஸ்கள் முழுதாக இருக்கின்றன. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் வேறு அலுவலகத்தில் இருந்ததால் தப்பித்தன. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்தன. நிலப் பத்திரங்களைப் பதியும் அலுவலகம் 1708 முதல் தனியாக இயங்கியது, அதுவும் பிழைத்தது. கிரிஃபித் மதிப்பீடு என்ற நிலக் கணக்கு அச்சிட்ட நூலாகவே பல இடங்களில் இருந்தது. எரிந்தவற்றுக்கு வெளியே எங்கெங்கோ இருந்த நகல்களைத் திரட்டி, டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி தலைமையில் விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி என்ற இணையக் காப்பகத்தை 2022இல், தீயின் நூறாம் ஆண்டில், திறந்தார்கள். இலவசமாகவே பார்க்கலாம்.

அயர்லாந்துக்குப் போவதற்கு முன்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் நேராக ஐரிஷ் இணையதளத்துக்குப் போய் "பேட்ரிக் மர்ஃபி" என்று தேடுவார்கள். ஆயிரக்கணக்கில் வந்து விழும். அதில் பிறந்த வருடம் கொஞ்சம் ஒத்துவருகிற ஒருவரைப் பிடித்து, இவர்தான் நம் தாத்தாவின் தாத்தா என்று குடும்ப மரத்தில் ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு தலைமுறையும் வேறு யாருடையதோ குடும்பம்.

தேடலை நம்மிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகச் சான்றோடு பின்னால் போக வேண்டும். புலம்பெயர்ந்தவர் எந்த நாட்டில் போய் வாழ்ந்தாரோ, அந்த நாட்டு ஆவணங்களைத்தான் முதலில் கரைத்துக் குடிக்க வேண்டும். கல்லறைக் கல், பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பு, சர்ச்சில் நடந்த கல்யாணப் பதிவு, குடியுரிமை விண்ணப்பம், ராணுவச் சேர்க்கைத் தாள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் அவர் வந்த ஊரின் பெயர் இருக்கலாம். அவருடைய தாளில் இல்லாவிட்டால் கூடவே வந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கையின் தாளில் இருக்கலாம். "அயர்லாந்து" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. "கார்க் கவுண்டி" என்பதும் போதாது, அது அவ்வளவு பெரியது. கப்பல் ஏறிய துறைமுகத்தைச் சொந்த ஊர் என்று எண்ணிவிடவும் கூடாது. குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் தெற்கு, மேற்கு அயர்லாந்தின் எந்த மூலையிலிருந்தும் வந்திருப்பார்கள்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூரின் கதை போதும். நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதல் ஆளாகப் பதிவானவர் கார்க்கைச் சேர்ந்த இந்தப் பெண். தம்பிகள் இருவரோடு நெவாடா என்ற கப்பலில் வந்தார். அவருக்கு 15 வயது என்றும் அன்றுதான் பிறந்தநாள் என்றும் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் வயது 17. பிற்பாடு அவர் மேற்கே போய், டெக்சாஸில் வாழ்ந்து, 1923இல் ஒரு விபத்தில் இறந்ததாகப் பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். அந்த டெக்சாஸ் பெண்ணின் வாரிசுகளை விழாக்களுக்குக் கூட அழைத்தார்கள். வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் ஆவணங்களைப் பார்த்தபோது, டெக்சாஸ் ஆனி மூர் பிறந்தது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் என்று தெரிந்தது. அவர் குடியேறி வந்தவரே அல்ல. அப்புறம் தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைத் தாளைப் பிடித்துக்கொண்டு போனதில், 2006இல் உண்மையான ஆனி மூர் வெளிப்பட்டார். நியூயார்க்கை விட்டு எங்கும் போகாமல், அங்கேயே கல்யாணம் செய்து, பல பிள்ளைகளைப் பெற்று, 1924இல் இறந்திருந்தார். அரசு விழா எடுத்த ஒருவருக்கே இப்படி என்றால், பேட்ரிக் மர்ஃபிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டவுன்லேண்ட் என்கிற சாவி

ஐரிஷ் ஆவணங்களில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது டவுன்லேண்டின் பெயர். பெயரில் டவுன் என்று இருந்தாலும் நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாட்டின் நிலப்பரப்பு முழுவதும் டவுன்லேண்ட் என்ற மிகச்சிறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, மொத்தம் 60,000க்கு மேல். சில ஏக்கரில் அடங்குவதும் உண்டு, ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிவதும் உண்டு. ஒரு டவுன்லேண்டில் பத்து வீடு இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமல் மலையும் சதுப்புமாகவும் கிடக்கலாம். நம் தேடலுக்கு உரியவர்கள் பெரும்பாலும் குத்தகை விவசாயிகளும் கூலிக்காரர்களும்தான். அவர்களை ஆவணம் அடையாளம் காட்டுவது இந்தப் பெயரை வைத்துத்தான்.

டவுன்லேண்டுகள் சேர்ந்தது சிவில் பாரிஷ். அதற்கு மேலே பாரனி, அதற்கும் மேலே கவுண்டி. கவுண்டிகள் 32. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: அரசு கணக்கில் உள்ள சிவில் பாரிஷ் வேறு, கத்தோலிக்கப் பங்கு வேறு. எல்லைகள் ஒத்துப்போகாது, பெயரும் பல இடங்களில் மாறும். 19ஆம் நூற்றாண்டில் ஏழைகள் நலனுக்காக வகுத்த யூனியன் என்ற வட்டங்கள் இன்னொரு அடுக்கு. பிறப்பு, இறப்புப் பதிவு மாவட்டங்கள் அந்த யூனியன் வழியாகவே அமைந்தன. அதனால் ஒருவரின் பதிவு ஸ்கிபரீன் மாவட்டம் என்று காட்டினால், அவர் ஸ்கிபரீன் நகரத்தில் பிறந்தார் என்று பொருளில்லை, அந்த வட்டத்துக்குள் எங்கோ பிறந்தார் என்றுதான் பொருள். ஒரே டவுன்லேண்ட் பெயர் பல கவுண்டிகளில் வரும். கில்மோர் என்ற பெயரில் எத்தனையோ இருக்கின்றன. ஆகவே பெயர் கிடைத்ததும் அது எந்தப் பாரிஷ், எந்தக் கவுண்டி என்று சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஐரிஷ் இடப்பெயர்களுக்கான லோகனிம் என்ற அரசு ஆதரவுத் தளம் இதற்கு மிகவும் உதவும்.

சென்சஸ் படிவத்தைப் படிப்பது

1901, 1911 சென்சஸ் படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நிறுத்திவிடாமல், குடும்பத் தலைவர் கைப்பட எழுதிய படிவத்தின் படத்தையும் திறந்து பாருங்கள். ஒவ்வொருவரின் பெயர், தலைவருக்கு என்ன உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், கல்யாணம் ஆனவரா, எந்தக் கவுண்டியில் பிறந்தார், ஐரிஷ் மொழி பேசுவாரா என்று வரிசையாக இருக்கும். கூடவே இன்னொரு படிவம் வீட்டைப் பற்றிச் சொல்லும்: சுவர் கல்லா மண்ணா, கூரை என்ன, முன்பக்கம் எத்தனை ஜன்னல், உள்ளே எத்தனை அறை, நிலத்தின் சொந்தக்காரர் யார்.

1911 படிவத்தில் கல்யாணமான பெண்களுக்கு மட்டும் மூன்று கட்டங்கள் கூடுதல்: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று இருப்பவர்கள் எத்தனை. ஒரு தாயின் வரிசையில் 10 என்றும் பக்கத்தில் 7 என்றும் எழுதியிருந்தால், அந்தக் குடும்பம் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தது என்று அறிகிறோம். எந்தப் பெயரும் இல்லாமல் அந்த எண் மட்டும் நிற்கும். தேடுபவருக்கு அது ஒரு கடமையும்கூட. கல்யாண வருடத்தைக் கணக்கிட்டு, பிறப்புப் பதிவில் பத்துப் பேரையும், இறப்புப் பதிவில் மூன்று பேரையும் தேடிப் பெயரை மீட்க முடியும். வீட்டில் இல்லாத பெரிய பிள்ளைகள்தான் பெரும்பாலும் கப்பலேறியவர்கள்.

வயதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1901இல் 55 என்று சொன்னவர் 1911இல் 71 என்று சொல்லியிருப்பார். இடையில் முதியோர் பென்ஷன் வந்தது. 1908இல் சட்டம் போட்டு 1909 ஜனவரி முதல், எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங்வரை கொடுத்தார்கள். எழுபது வயதை எப்படி நிரூபிப்பது? அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவே 1864இல்தான் தொடங்கியது. 1839 ஜனவரி 6 இரவு நாட்டையே உலுக்கிய பெரும் புயல் தனக்கு நினைவிருக்கிறது என்று சொல்லி வயதை நிறுவப் பார்த்தவர்கள் பலர். அதிகாரிகளோ அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 சென்சஸ்களில் அந்த விண்ணப்பதாரர் குழந்தையாக இருக்கிறாரா என்று தேடினார்கள். அப்படித் தேடிய படிவங்கள் பிழைத்து, இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன. விண்ணப்பதாரரின் பெற்றோர் பெயர், அன்று வாழ்ந்த டவுன்லேண்ட், சென்சஸில் கண்ட விவரம் எல்லாம் அவற்றில் உண்டு. உங்கள் குடும்பத்தில் யாராவது 1909க்குப் பிறகு அயர்லாந்தில் எழுபதைத் தொட்டிருந்தால், இந்தப் படிவங்களைப் பார்க்காமல் விடாதீர்கள். எரிந்துபோன சென்சஸின் ஒரு குடும்பம் அங்கே கிடைக்கலாம்.

பதிவுகளும் பங்குப் பதிவேடுகளும்

அரசுப் பதிவு 1845இல் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணத்தோடு தொடங்கி, 1864 முதல் எல்லாருடைய பிறப்பு, இறப்பு, திருமணத்துக்கும் விரிந்தது. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் நூறு வருடம் தாண்டிய பிறப்புகள், 75 வருடம் தாண்டிய திருமணங்கள், 50 வருடம் தாண்டிய இறப்புகள் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தோடு இலவசம். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும், அதுதான் பொக்கிஷம். திருமணப் பதிவில் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும், தாய் பெயர் இருக்காது. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே இருக்காது. பிறந்த தேதியும் சில சமயம் ஏமாற்றும். குறித்த காலம் தாண்டிப் பதிந்தால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொன்னவர்கள் உண்டு. பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் ஆன குழந்தை ஏட்டில் கிடைத்தால் குழம்ப வேண்டாம், சர்ச் தேதியை நம்பலாம்.

1864க்கு முன்னால் போக கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள்தான் வழி. 1880 வாக்கில் வரையிலான பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஞானஸ்நானப் பதிவில் குழந்தை, தந்தை, தாயின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்), அதிர்ஷ்டம் இருந்தால் டவுன்லேண்ட். ஞானப்பெற்றோரை ஒதுக்கிவிடாதீர்கள், பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா வகையறாதான். பல பங்குகளில் லத்தீனில் எழுதியிருப்பார்கள்: ஜேம்ஸ் ஜகோபஸ் ஆகிவிடுவார், வில்லியம் குலியெல்மஸ், ஜான் யோவான்னெஸ். மை மங்கி, ஓரம் கிழிந்து, எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் பக்கங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நகரங்களில் 18ஆம் நூற்றாண்டுவரை கிடைக்கும். மேற்குக் கடலோரக் கிராமங்களில் 1820, 1830களுக்கு முன் கிடைப்பது அரிது.

குடும்பப் பெயரையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஓ, மக் என்ற முன்னொட்டுகள் ஆங்கிலேய ஆட்சியில் பரவலாக உதிர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மறுமலர்ச்சியோடு திரும்பி வந்தன. தாத்தா சல்லிவன், பேரன் ஓ'சல்லிவன். கேவன் கவுண்டியில் மெகவன்கள் பலர் ஸ்மித் ஆனார்கள். 1911 படிவத்தைச் சிலர் ஐரிஷ் மொழியிலேயே நிரப்பியதால், ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் அகப்படவே மாட்டார்கள்.

பெயர் வைப்பதில் ஒரு வழக்கம் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர், அடுத்தவளுக்கு அப்பாவழிப் பாட்டி பெயர். நமக்குப் புரிய விளக்கமே தேவையில்லாத வழக்கம். எல்லாக் குடும்பமும் பின்பற்றவில்லை என்பதால் இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து எந்தப் பெயரைத் தேடுவது என்று யோசனை சொல்ல மட்டும் இது போதும்.

நிலக் கணக்கு

1840களின் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்து சென்சஸ் இல்லாததால், அதற்கு ஈடாக நாம் பயன்படுத்துவது ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் வரி விதிப்பதற்காக எடுத்த மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக வெளிவந்தது. டவுன்லேண்ட் வாரியாக, எந்த நிலத்தை அனுபவிப்பவர் யார், யாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார், எவ்வளவு ஏக்கர், ஆண்டு மதிப்பு எவ்வளவு என்று இருக்கும். ஒரே டவுன்லேண்டில் இரண்டு மைக்கேல் ரையன் இருந்தால், ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் தந்தையின் பெயரையோ ஊரார் அழைத்த பட்டப்பெயரையோ போட்டிருப்பார்கள். வரைபடமும் உண்டு. இன்றைய வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தால் அந்த நிலத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு குறை, குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மனைவி மக்கள் இல்லை. அதற்கு முன்னால் 1823 முதல் 1837 வரை, ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் என்ற சர்ச் வரி வசூலிக்க எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் விவசாயம் செய்தவர்கள் மட்டும், நகரத்தார் கிடையாது. கிரிஃபித்துக்குப் பிறகு நிலம் கைமாறும்போதெல்லாம் திருத்திய ஏடுகளும் உள்ளன. வடக்கு அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு அந்த ஏடுகளை பெல்ஃபாஸ்டில் உள்ள பொது ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அப்பா பெயரை அடித்துவிட்டு மகன் பெயர் எழுதிய வருடத்துக்குச் சற்று முன்னே இறப்புப் பதிவைத் தேடினால் அநேகமாகக் கிடைக்கும்.

சாதாரணக் குத்தகைக்காரக் குடும்பத்துக்கு, இவ்வளவும் செய்தாலும் தேடல் 1800 வாக்கில் நின்றுவிடும். அதற்கு மேல் அரசவம்சம்வரை போய்விட்டதாக யாராவது மரம் காட்டினால் சான்றைக் கேளுங்கள். அதிர்ஷ்டமான விதிவிலக்குகள் உண்டு. பராக் ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஃபால்மத் கியர்னி, ஆஃபலி கவுண்டியின் மனிகால் என்ற சிற்றூரிலிருந்து 1850இல் அமெரிக்கா போனவர், செருப்புத் தைப்பவரின் மகன். அவர் குடும்பம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. அந்தப் பகுதியின் பழைய பதிவேடுகள் டப்ளினுக்குப் போய்ச் சேராமல் உள்ளூரிலேயே இருந்ததால் தீயிலிருந்து தப்பின. ஃபால்மத் என்ற அரிய பெயரும் துணை செய்தது.

சிப்பாய்களைத் தேடுபவர்களுக்கு

சென்னை வழி வேர் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஐரோப்பியப் படைகளுக்கு அயர்லாந்திலிருந்து ஏராளமானவர்களைச் சேர்த்தது. மெட்ராஸில் கம்பெனி திரட்டிய ஐரோப்பியப் படைப்பிரிவுதான் 1881இல் ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. கத்தோலிக்கர்களுடைய பதிவுகள் அதில் விட்டுப்போயிருக்கலாம், அப்போது இங்குள்ள பழைய பங்குகளின் ஏடுகளைக் கேட்க வேண்டும். கம்பெனிப் படையா, பிரிட்டிஷ் அரசப் படையா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், இரண்டின் ஆவணங்களும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. அரசப் படையில் ஓய்வூதியம் பெற்ற சிப்பாயின் விடுவிப்புத் தாள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அவர் எந்தப் பாரிஷில், எந்த ஊருக்குப் பக்கத்தில், எந்தக் கவுண்டியில் பிறந்தார் என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தப் பாரிஷை வைத்துக்கொண்டு கிரிஃபித்தையும் பங்குப் பதிவேட்டையும் திறந்தால், அவர் குடும்பம் இருந்த டவுன்லேண்டை எட்டிவிட வாய்ப்பு நிறையவே உண்டு.